பன்னிரண்டு மணங்குக் காற்று

என் வாழ்நாளில் நான் தூக்கிய மிகப் பெரிய பாரம் பன்னிரண்டு மணங்கு, இந்தக் காலத்துக் கணக்கில் நூற்று முப்பது கிலோவுக்கு மேல். தலைக்கு மேல் நேராகத் தூக்கி, ஏழு எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்கியிருக்கிறேன். அந்தப் பாரம் அங்கே இல்லை என்பது ஒன்றுதான் குறை.

டிரில் வாத்தியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு பேர் எதிரே பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை. நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது.

உங்களைப் போல நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போனவன் இல்லை. எட்டாவது வரை படித்தேன். ஆம்பூரில் தோல் வியாபாரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லித்தர ஆள் இல்லை என்றார்கள். இடது கால் எது, வலது கால் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். குரல்தான் கிடையாது. ‘அட்டென்ஷன்’ என்று நான் சொன்னால் முதல் வரிசை மட்டும் நிமிரும். முதல் வரிசை நிமிர்ந்ததைப் பார்த்து இரண்டாம் வரிசை நிமிரும். கடைசி வரிசை நிமிர்வதற்குள் நான் ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’ சொல்லியிருப்பேன். குரல் போய்விட்டது என்று ஐம்பது வயதில் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அது எந்த வருஷம் போனது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நான் சேர்ந்தபோது பள்ளியின் தேகப்பயிற்சி சாமான்கள் எல்லாம் ஒரு அலமாரியில் இருந்தன. செல்லரித்த கர்லாக்கட்டை இரண்டு, கயிறு ஒன்று. என் உடம்பும் ஏறக்குறைய அந்தக் கயிறு மாதிரிதான் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கருவி வேண்டாம், எடை வேண்டாம், தினம் கால் மணி நேரம் போதும், புஜம் பருக்கும் என்று போட்டிருந்தது. எழுதிப் போட்டேன். கப்பல் ஏறி இங்கிலீஷில் ஒரு சிறு புத்தகம் வந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன்.

வித்தை இதுதான். கையை மடக்கும்போது புஜத்தின் முன்பக்கத்துச் சதை இழுக்கிறது. அதே நேரத்தில் பின்பக்கத்துச் சதையை எதிர்ப்பக்கமாக இழுக்கச் சொல்ல வேண்டும். ஒன்று தூக்கப் பார்க்கும், மற்றொன்று விடாது. கையில் பெரிய பாறை ஒன்று இருப்பதாக மனதில் உறுதியாக நினைத்துக்கொண்டால் இது தானாகவே நடக்கும். பார்க்கிறவர்களுக்கு, ஒரு மனிதன் சும்மா நின்றுகொண்டு நடுங்குவது போல இருக்கும்.

வீட்டுக் கொல்லையில் பழகினேன். முதல் வாரமே என் மனைவி வந்து நின்றாள்.

“ஏங்க, அப்படி எதைத் தூக்கறீங்க?”

“பாறாங்கல்லு.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “தூக்கிட்டு எங்க வைக்கப் போறீங்க? கிணத்தாண்ட வெச்சிடாதீங்க. தண்ணி எடுக்கணும்.”

ஆனால் பலித்தது. அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு வருஷத்தில் சட்டைக் கைகள் பிடிக்கத் தொடங்கின. பள்ளிக் கமிட்டியில் இருந்த முதலாளி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா மாஸ்டர், இன்னா சாப்பிடறீங்க?” என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும், தோல் பதனிடும் அவருடைய டேனரி ஆட்களுக்கும் சொல்லித்தரும்படி கேட்டார். பள்ளிக்கும் டேனரிக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் வகுப்பு, ஜும்மா தொழுகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

பதினெட்டுப் பேர் வந்தார்கள். நாள் முழுவதும் ஈரத் தோல் சுமக்கிறவர்கள், சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்கள், ஆவாரம்பட்டை இடிக்கிறவர்கள். ஒவ்வொருவர் தோளும் என் தொடை அளவு இருந்தது. அவர்கள் எதிரே நின்று என் பன்னிரண்டு மணங்குப் பாறையை எப்படி நினைத்துக்கொள்வது என்று விளக்கினேன். வண்டியிலிருந்து தோல் இறக்கும் ரஹீம் பாய் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

“மாஸ்டர் சாப், ஒரு சந்தேகம். வாரம் பூரா நெசத் தோலைத் தூக்கினு இருக்கறோம். லீவு நாள்ல நெனைப்புல கல்லைத் தூக்குன்னா பேஜாரா இருக்குது. தோலைத் தூக்கற நேரத்துல எதுவுமே தூக்காத மாதிரி நெனைக்கறதுக்கு எதுனா வித்தை இருந்தா, அதைச் சொல்லிக் குடுங்களேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒரு பாடம் புத்தகத்தில் இல்லை என்று நான் பதில் சொன்னேன். நகைச்சுவையாகச் சொல்லவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ரஹீம் பாய் ஒரு உப்புத் தோல் கட்டைக் காட்டினார். உப்பு தடவிய பச்சைத் தோல், வண்டியிலிருந்து இறக்கி வைத்தது. “பன்னெண்டு மணங்கு தூக்கறவரு நீங்க. இது அதுல பாதிகூட வராது. அந்த ஓரமா எடுத்து வெச்சிடுங்க சாப், வழியில கிடக்குது.”

குனிந்து பிடித்தேன். பழகிய மாதிரியே மூச்சை இழுத்தேன், பல்லைக் கடித்தேன், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. உடம்பு முழுவதும் நடுங்கியது. கட்டு அசையவில்லை. இன்னும் பலமாக இறுக்கினேன். நான்தான் இன்னும் பலமாக நடுங்கினேன். கடைசியில், என் தோளுக்குக்கூட எட்டாத ஒரு வயசாளி, “நகருங்க வாத்தியாரே” என்று சொல்லிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகிறபோது எச்சில்கூடத் துப்பினார்.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். “சுளுக்கு” என்றேன்.

சுளுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு நடந்தேன். மனைவி தினமும் மஞ்சள் பற்றுப் போட்டாள். வலிக்காத இடத்தில் சூடாகப் பற்றுப் போட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் ராத்திரிகளில் படுத்துக்கொண்டே யோசித்ததில் காரணம் புரிந்துவிட்டது. என் சதைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததே ஒன்றையொன்று தடுப்பதற்குத்தான். மேலே இழுக்கும் சதை இழுத்தது, கீழே இழுக்கும் சதையும் இழுத்தது. தோல் கட்டின் முறை வரவே இல்லை. பாரம் இல்லாத இடத்தில் பாரத்தை உண்டாக்கும் பழக்கம், பாரம் இருக்கும் இடத்தில் இன்னொரு பாரத்தை உண்டாக்கிவிடும். இதை நான் அடுத்த வெள்ளிக்கிழமையே வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் சுளுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதுதான் நான் செய்த தப்பு. கட்டைத் தூக்க முடியாமல் போனது தப்பே இல்லை.

இப்போது கன்னியப்பன் விஷயத்துக்கு வருகிறேன்.

என் வகுப்புக்கு வந்த பதினெட்டுப் பேரில் ஒருவன் அவன், கட்டை வேலைக்காரன். சாய்த்து நிறுத்திய வழவழப்பான மரக்கட்டையின் மேல் ஈரத்தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால், ஒட்டியிருக்கும் சதையை வழித்துத் தள்ள வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் தோலில் வெட்டு விழும். வெட்டு விழுந்த தோல் தரத்தில் இறங்கிவிடும். அதனால் கட்டைக்கு எல்லோரையும் விட மாட்டார்கள். கன்னியப்பன் பத்து வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்று, கால் நகமெல்லாம் அரித்துப் போன பிறகு கட்டைக்கு ஏறியவன். ஏறி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. குழி ஓரத்தில் வழுக்கி விழுந்து வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது.

வேலூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார்கள். மாவுக்கட்டை அவிழ்த்தபோது கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. மேஸ்திரி காதர் பாய் கெட்டவர் இல்லை. “பெருநாள் முடிஞ்சு டேனரி தொறக்கற வரைக்கும் உன் எடத்துல யாரையும் நிரந்தரமா போட மாட்டேன். அன்னிக்கு வந்து மூணு தோல் வழிச்சுக் காட்டு. முடியலைன்னா மறுபடி குழிதான். என் மேல வருத்தப்படாதே” என்று சொல்லிவிட்டார்.

கன்னியப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“வாத்தியாரய்யா, கையில வெயிட்டு எதுவும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தூக்காம சதை எப்படி வரும்? உங்க வித்தைதான் கதி. குழிக்கு மட்டும் திரும்பிப் போக மாட்டேன். இந்தக் காலைப் பாருங்க.”

காலைப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே வரச் சொன்னேன்.

ஆறு வாரம் தினமும் காலையில் கொல்லையில் நின்றோம். பாறை வேண்டாம், தோலையே நினைத்துக்கொள் என்றேன். என்னிடம் படித்தவர்களில் அவனைப் போல நினைக்கத் தெரிந்தவன் இல்லை. நான் பன்னிரண்டு மணங்கு என்று மொத்தமாக நினைப்பேன். அவன், “இது கெழட்டு எருமைங்கய்யா, கழுத்தாண்ட மடிப்பு ஜாஸ்தி” என்பான். இல்லாத கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, இல்லாத தோலின் மேல் தள்ளுவான். கை நடுங்கும், வியர்வை சொட்டும். நடுவில் மூக்கு அரித்தால், விரலில் ஒட்டிய சேற்றை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் சொறிந்துகொள்வான். ஒருநாள் என் மனைவி மோர் கொண்டுவந்தபோது, “இருங்கம்மா, கை கழுவிட்டு வர்றேன்” என்று கிணற்றடிக்குப் போனான்.

“உங்க பாறாங்கல்லே தேவலாம். இவரு தோலு நாத்தம் அடிக்குது” என்றாள் அவள்.

கை தேறியது. ஆறாவது வாரம் முடியும்போது இடது கைக்குச் சமமாக உருண்டு திரண்டு நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைமையாசிரியரிடம் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன். புத்தகம் அனுப்பிய கம்பெனிக்கே ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். உள்ளுக்குள் ஒரு மூலையில் அந்த உப்புத் தோல் கட்டு ஞாபகம் வராமல் இல்லை. அது வந்தபோதெல்லாம் கன்னியப்பனின் கையைத் தொட்டுப் பார்த்துச் சமாதானம் செய்துகொண்டேன்.

பெருநாள் முடிந்து டேனரி திறந்த அன்று நானும் போனேன். பாராட்டு வாங்கப் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள். காதர் பாய் முதல் தோலை எடுத்துக் கட்டை மேல் போட்டார்.

கன்னியப்பன் கத்தியைப் பிடித்தான். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே மூச்சை இழுத்தான். பல்லைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த நரம்பு எனக்குத் தெரிந்த நரம்பு.

கத்தி ஒரு சாண் போய் நின்றது. நடுங்கியது. எகிறிக் குதித்து மறுபடி நின்றது. குதித்த இடத்தில் தோலில் ஒரு வெட்டு.

காதர் பாய் வெட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “கையில பலம் இருக்குது. ஆனா கை ஓட மாட்டேங்குதே” என்றார். இரண்டாவது தோலைப் போட்டார்.

கன்னியப்பன் இன்னும் இறுக்கினான். பலம் போதவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். வேறு என்ன நினைப்பான்? அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். இந்தத் தடவை இரண்டு வெட்டு விழுந்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து தோல் மேல் சொட்டியது. அவன் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினான். பார்வையில் கோபம் இல்லை. ‘அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்கய்யா’ என்கிற பார்வை.

மூன்றாவது தோலை எடுக்கக் காதர் பாய் திரும்பினார். ஒரு மனிதன் திரும்பி, குனிந்து, ஒரு தோலை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் நான் இரண்டு தடவை, வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஒரு தடவை, தனியாக அவன் காதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் காரணம் தெரியாமல், ‘இறுக்காதே’ என்று மட்டும் சொன்னால் அவன் நம்ப மாட்டான். ஆறு வாரம் ‘இறுக்கு, இறுக்கு’ என்று சொன்னது இதே வாய்தானே.

“மேஸ்திரி, ஒரு நிமிஷம்” என்றேன். வழக்கம்போல முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டை அருகே போனேன்.

“இன்னா மாஸ்டர்?” என்றார் காதர் பாய். பின்னாலிருந்து ரஹீம் பாய், “பாத்து வாங்க சாப், வழுக்கும். இடுப்பு இப்ப தேவலாமா?” என்று கேட்டார்.

“அது சுளுக்கு இல்ல” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். “அன்னிக்கு எனக்குச் சுளுக்கு எதுவும் இல்ல. தோல் கட்டைத் தூக்க முடியல. ஒரு கை தூக்குனா அந்தக் கையே தடுக்கற மாதிரி பழகி வெச்சிருந்தேன். வெக்கமா இருந்துச்சு, சுளுக்குன்னுட்டேன். கன்னியப்பா, அந்தக் கோளாறுதான் இப்ப உன் கையிலயும் இருக்குது. உன் மேல தப்பு இல்ல, நான் சொல்லியிருக்கணும்.”

கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“அப்ப, ஒரு வாரம் இடுப்புல துணி கட்டினு வந்தீங்களே?”

“ஆமா.”

“டிரில் சொல்லித் தரும்போதுகூட கையை வெச்சினு நொண்டி நொண்டி நடந்தீங்களே. இடுப்பு சுளுக்குனா யாருங்கய்யா நொண்டுவாங்க?”

முதலில் சிரித்தது முதலாளி. பிறகு யார் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ரஹீம் பாய் தோல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். கன்னியப்பன் கத்தியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவன் தோள் இரண்டும் காதுப் பக்கத்திலிருந்து இறங்கித் தன் இடத்துக்கு வந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“இப்படியே இருந்தாப் போதும்” என்றேன். “ரஹீம் பாய் மொத நாளே கேட்டாரு, ஞாபகம் இருக்குதா? தோல் இல்லைன்னு நெனைச்சுக்கோ.”

“தோல் எதிர்க்க இருக்குதே வாத்தியாரய்யா.”

“இருக்குது. அதைக் கத்தி பாத்துக்கும். நீ காத்துலதான் கை வீசறே.”

“கண்ணை மூடினு வழிக்கச் சொல்லிடாதீங்க மாஸ்டர்” என்றார் காதர் பாய். ஆனால் தோலைப் போட்டார்.

கன்னியப்பன் குனிந்தான். மூச்சை இழுக்கவில்லை. உதட்டில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. கத்தி கழுத்துப் பக்கத்திலிருந்து இறங்கியது. முதல் தள்ளு கொஞ்சம் தயங்கியது. இரண்டாவது தள்ளில் சதை ஒரே ஏடாகச் சுருண்டு தரையில் விழுந்தது. அதன் பிறகு அவன் எங்களை மறந்துவிட்டான். கட்டையிலிருந்து வருகிற சர், சர் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

காதர் பாய் தோலைப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, மூலைக்கு மூலை தடவினார். பக்கத்தில் வைத்திருந்த சாணைக்கல்லை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

“நாளைக்கு வரும்போது கத்தியைத் தீட்டினு வா. மொன்னையா இருக்குது.”

கன்னியப்பன் சாணைக்கல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டான்.

அந்தப் பயிற்சியை நான் விட்டுவிடவில்லை. முறிந்த கைக்கும், படுத்துக் கிடக்கும் உடம்புக்கும், செல்லரித்த அலமாரிக்கும் அதைப் போல வேறு இல்லை. ஆனால் அன்று முதல் என் வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம், கையை உதறித் தளர்த்துவதற்கு. இறுக்கக் கற்றுக்கொடுத்தவன்தான் தளர்த்தவும் கற்றுக்கொடுக்க வேண்டும். நீங்கள் எதைக் கற்றுக்கொடுத்தாலும், அது எந்த இடத்தில் உங்களைக் கைவிட்டது என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் கழித்துச் சொன்னால், கேட்க ஒரு டேனரியே கூடியிருக்கும்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு ரஹீம் பாய் என்னைப் போக விடவில்லை. ஓரமாகக் கிடந்த ஒரு உப்புத் தோல் கட்டைக் காட்டினார்.

“இப்பதான் வித்தை தெரிஞ்சுபோச்சே சாப். எதுவும் இல்லைன்னு நெனைச்சுத் தூக்குங்க.”

எனக்கும் ஆசை வந்துவிட்டது. குனிந்தேன். மூச்சை இழுக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கட்டு தரையை விட்டு எழும்பியது. ஒரு முழம், இரண்டு முழம். ரஹீம் பாய் “சபாஷ்” என்றார். அப்போது இடுப்பில் ‘சுருக்’ என்றது.

வீட்டுக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். பழைய சுளுக்கின் கதை எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. வாசலிலேயே மனைவியிடம், சுளுக்கு, மஞ்சள் அரைக்க வேண்டும் என்று சொன்னேன்.

“போன தடவை அரைச்ச மஞ்சளே வீண்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.